லார்ச் மரத்துக்கு இந்தப் பக்கம்

லோவ்ரோவைப் பற்றி நம் மலைச் சங்கத்து ஆண்டு மலரில் எழுத வேண்டும் என்று பேச்சு வந்தபோது, பள்ளிக்கூட வாத்தியாரைக் கேட்கலாம் என்றார்கள். நான் எழுந்தேன்.

"அவன் முதுகுல முதல் சுமைய ஏத்திவிட்டவன் நான். என் கூடப்பொறந்தவளக் கட்டினவன் அவன். வாத்தியாருக்கு அவனப் பத்தி என்ன தெரியும்?"

போஹின் ஏரிக்கரையில் இந்த டீனே எழுந்து நின்றால் மறுத்துப் பேச ஆள் கிடையாது. நான் படித்தது நாலாவது வரைக்கும்தான். ஆனால் ஒற்றைக் கோடரியோடு தொடங்கி, இன்று ஏரியைப் பார்த்து நிற்கும் மூன்று மாடி விடுதியை எழுப்பியவன். எந்தெந்த நாட்டிலிருந்தோ வந்து என் மாடத்தில் உட்கார்ந்து மலையைப் படம் பிடிக்கிறார்கள். கட்டத் தெரிந்தவனுக்கு எழுதவும் தெரியும்.

லோவ்ரோ ஆட்டுக்காரர் வீட்டுப் பிள்ளை. மீசை அரும்புகிற வயதில் நாங்கள் இருவரும், மலையேறுகிறவர்கள் தங்கும் மேல்குடிலுக்குச் சுமை தூக்கினோம். மாவு, மண்ணெண்ணெய், பாலாடைக்கட்டி, விருந்தாளிகளின் பெட்டி, எல்லாம் மரச்சட்டத்தில் கட்டி முதுகில் ஏற்றிக்கொண்டு ஏரியிலிருந்து பாறைச் சுவரேறிப் பீடபூமிக்குப் போக வேண்டும். குடிலில் இன்றும் எரிகிற இரும்பு அடுப்பை லோவ்ரோதான் சுமந்தான் என்று ஊரில் சொல்வார்கள். பாதி வழி நான் சுமந்தேன். செங்குத்தான பாதி என்னுடையது.

நான் கீழே இறங்கி விடுதி கட்டினேன். அவன் மேலேயே தங்கிக் குடில்காரன் ஆனான். அவனுக்கு இரண்டு விஷயங்களில் கர்வம். ஒன்று, வானம். வாசலில் நின்று மூக்கைத் தூக்கி ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, "சாயங்காலம் வரைக்கும் சொட்டு விழாது" என்பான். விழாது. வானொலியில் சொல்வதைக் கேட்டுச் சிரிப்பான். இரண்டாவது, அந்த லார்ச் மரம்.

மேல்குடிலுக்குப் போகும் வழியில் காடு முடியும் இடத்தில் ஒரு கிழட்டு லார்ச் நிற்கிறது. அதற்கு மேல் மரம் கிடையாது, பாறையும் புல்லும்தான். அந்த மரம் வரைக்கும்தான் 'நீங்க'. அதைத் தாண்டிவிட்டால் எல்லோரும் எல்லோருக்கும் 'நீ'. எங்கள் அப்பன் பாட்டன் காலத்திலிருந்து அப்படித்தான். ஒரே கயிற்றில் தொங்குகிறவர்களுக்குள் மரியாதை பார்க்க நேரம் இருக்காது. லோவ்ரோ அதைச் சட்டம் போல வைத்திருந்தான். அவன் குடிலில் யார் வாயிலாவது 'நீங்க' வந்துவிட்டால் கோடரியை நீட்டுவான், விறகு பிளக்க வேண்டும்.

ஒரு தடவை கட்சியின் மாவட்டத் தலைவர் கழுத்தில் டை கட்டிக்கொண்டு வந்தார். "உங்களோட சூப் பிரமாதம்" என்றார். லோவ்ரோ கோடரியைக் கொண்டுவந்து கொடுத்தான்.

"நான் யாருன்னு தெரியுமா உங்களுக்கு?" என்று கேட்டார் தலைவர்.

"தெரியும். ரெண்டாந்தடவையும் சொல்லிட்டே. இப்ப ரெண்டு கட்டை பொளக்கணும்" என்றான் லோவ்ரோ.

அவர் பிளந்தார். சிரித்துக்கொண்டேதான் பிளந்தார். அப்படி ஒரு முகம் லோவ்ரோவுக்கு, அவன்மேல் யாருக்கும் கோபப்பட வராது.

என் தங்கை பவ்லாவை அவன் கட்டியதில் எனக்குச் சந்தோஷம்தான். பவ்லா வாய்க்காரி. அவன் மேலேயிருந்து இறங்கி வீட்டுக்கு வரும் நாளில் அவள் குரல் ஏரியின் அக்கரைக்குக் கேட்கும்.

"ஏய், ஈரக் காலுறையோட உள்ள வராத நீ! தரைய இப்பத்தான் தொடச்சேன். நீ என்ன மாடா?"

"மாடுன்னா கொட்டில்ல படுத்துக்கறேன்."

"போ, படு. மாடு கூட உன்னச் சேத்துக்காது."

இரண்டு பேரும் சிரிப்பார்கள். எங்கள் பக்கம் பெண்டாட்டி புருஷனை 'நீ' என்றுதான் கூப்பிடுவாள். 'நீங்க' என்பது சாமியாருக்கு, நீதிபதிக்கு, முன்பின் தெரியாதவனுக்கு. வீட்டுக்குள் அந்த வார்த்தைக்கு வேலையே இல்லை.

அவர்களுக்கு ஒரே பிள்ளை, யூரெ. மலையேறுவதில் அப்பனைப் போல, வாயில் அம்மாவைப் போல. வளர்ந்ததும் குகை இறங்கும் பித்து பிடித்தது. எங்கள் பீடபூமி முழுக்க ஓட்டை. சுண்ணாம்புப் பாறை, பெய்கிற மழையை எல்லாம் குடித்துவிடும். மேல்குடிலுக்குப் பின்னால் ஒரு கிணற்றுக் குகை இருக்கிறது. கல்லைப் போட்டால் சத்தம் வராது. நாங்கள் சிறுவர்களாக இருந்தபோது ஆராய்ச்சிக்காரர்கள் வந்து அதில் பச்சைச் சாயம் ஊற்றினார்கள். கொஞ்ச நாளில் கீழே ஸாவிட்சா அருவி பச்சையாகக் கொட்டியது. ஏரியின் தலைமாட்டில், பாறைச் சுவரின் நடுவிலிருந்து பீறிட்டு விழும் அருவி அது. அன்றிலிருந்து ஊருக்கே தெரியும், அந்தக் குகைக்குள் போகும் தண்ணீர் அந்த அருவியில்தான் வெளியே வரும் என்று.

அந்த ஆகஸ்டில் யூரெவும் நண்பர்கள் இருவரும் குகைக்குள் இறங்கத் தயாரானார்கள். பவ்லா அப்போது குடிலில்தான் இருந்தாள், கோடையில் சமையலுக்குப் போவாள். நானும் மாவு கொண்டுபோயிருந்தேன். வாசலில் ஆட்கள் நின்றார்கள். பவ்லா மேற்கே பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"மேகம் சரியில்ல. இன்னிக்கி அவன எறங்க விடாத நீ."

லோவ்ரோ மூக்கைத் தூக்கி ஒரு இழுப்பு இழுத்தான். "சாயங்காலம் வரைக்கும் சொட்டு விழாது."

"எனக்கு மனசு ஒப்பல."

"மேகத்தப் பாக்குறது என் வேல. நீ உன் கூழப் பாரு, அடிப்பிடிக்குது" என்றான் அவன். ஆட்கள் சிரித்தார்கள். யூரெவும் சிரித்துக்கொண்டே அம்மாவின் தலையில் தன் தொப்பியைக் கவிழ்த்துவிட்டுக் கயிற்றைப் பிடித்தான்.

பகல் சாப்பாட்டுக்கு முன்பே மழை அடித்தது. பீடபூமி மொத்தமும் அந்த ஓட்டையை நோக்கி ஓடியது. நண்பர்கள் இருவரும் எப்படியோ ஏறி வந்துவிட்டார்கள். யூரெ கடைசி ஆளாக இருந்தான். லோவ்ரோ கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு அந்தத் தண்ணீருக்குள்ளேயே இறங்கப் போனான். நானும் இன்னும் மூவரும் அவன் மேல் விழுந்து அமுக்கிப் பிடித்தோம். என்னை ஒரு கடி கடித்தான். தழும்பு இன்னும் என் மணிக்கட்டில் இருக்கிறது. நான் விடவில்லை, என் பிடியிலிருந்து யாரும் தப்பியதில்லை.

பவ்லா குகை வாயில் நிற்கவில்லை. மழையிலேயே கீழே இறங்கி ஓடினாள். யாருக்கும் முதலில் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. இருட்டும் நேரத்தில் அருவியடியில் போய்ப் பார்த்தபோது, சேறாகக் கொட்டுகிற தண்ணீருக்கு முன்னால் அந்தத் தொப்பியோடு உட்கார்ந்திருந்தாள்.

மீட்புக்காரர்கள் தேடினார்கள். தண்ணீர் வடிந்த பிறகும் தேடினார்கள். ஓரிடத்துக்குக் கீழே பாறை இடுக்கில் ஆள் நுழைய முடியாது என்று நிறுத்திவிட்டார்கள். அன்று லோவ்ரோ வீட்டுக்கு இறங்கி வந்தான். நான் அங்கே இருந்தேன். முழங்கால் வரை சேறு, காலுறையிலிருந்து தண்ணீர் ஒழுகுகிறது. வாசற்படியில் நின்றான், உள்ளே வரவில்லை. திட்டுக்காக நின்றான் என்று நினைக்கிறேன். அவள் திட்டியிருந்தால் உள்ளே வந்திருப்பான்.

பவ்லா திரும்பிப் பார்த்துச் சொன்னாள். "உள்ள வாங்க. உங்களுக்குச் சாப்பாடு எடுத்து வச்சிருக்கேன்."

லோவ்ரோ தன் பின்னால் யார் வந்திருக்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தான். யாரும் இல்லை.

அதிலிருந்து அப்படித்தான். பவ்லா அவனை விட்டுப் போகவில்லை, ஒரு குறை வைக்கவில்லை. அவன் சட்டை துவைத்துக் காய்ந்திருக்கும், ரொட்டி அறுத்து வைத்திருக்கும். "உப்பு போதுமா பாருங்க." "நீங்க காலுறைய மாத்திக்கிட்டா நல்லது." என் சொந்தத் தங்கை பேசுவதைக் கேட்க எனக்கே உடம்பு கூசும். ஒரு நாள் தனியாகப் பிடித்துக் கேட்டேன்.

"அவன நாலு அறை அறஞ்சிருக்கலாம்ல நீ? எதுக்குடி இந்த 'நீங்க'?"

"மரியாதையாத்தானே பேசறேன், அண்ணே."

"அந்த மரியாதைதான் அவனக் கொல்லுது."

"அன்னிக்கி எல்லார் முன்னாடியும் என்னக் கூழப் பாருன்னாரு. பாக்கறேன். அவ்வளவுதான்" என்றாள்.

பிறகு அருவிக்குப் போகும் பாதையின் தொடக்கத்தில் ஒரு கடை போட்டாள். இடம் பிடித்துக் கொடுத்தது நான்தான். தேநீர், ஆப்பிள் பலகாரம், மழைக்கோட்டு. வருகிற கூட்டமெல்லாம் அருவியைப் பார்த்துவிட்டு அவளிடம் தேநீர் குடித்துப் போகும். வியாபாரத்துக்கு உட்கார்ந்திருக்கிறாள் என்று நினைத்துக்கொள்வார்கள். மழை பெய்து கூட்டமே இல்லாத நாளில்தான் அவள் கடையைப் பூட்டிவிட்டு அருவியடிக்கே போவாள். மேலே லோவ்ரோ குகை வாயில் ஒரு பெஞ்சு போட்டுக்கொண்டான். மழை நாளில் அவனும் அங்கேதான். தண்ணீர் உள்ளே போகும் இடத்தில் ஒருவர், வெளியே வரும் இடத்தில் ஒருவர். ஒன்றும் வரவில்லை. அருவி அவர்களுக்கு ஒரு பொத்தானைக்கூடக் கொடுக்கவில்லை.

அவன் வானம் பார்த்துச் சொல்வதை நிறுத்திவிட்டான். "மழை வருமாய்யா?" என்று யாராவது கேட்டால், "வானொலியக் கேளு" என்பான்.

பவ்லா குளிர்காலம் முழுக்கக் கம்பளிக் காலுறை பின்னுவாள். வசந்தத்தில் ஒரு ஜோடியை என்னிடம் கொடுத்து, "மேல போறப்ப குடுத்துரு" என்பாள். யாருக்கு என்று சொல்ல மாட்டாள். லோவ்ரோ வாங்கி இரண்டு கையாலும் மடித்து, மூக்கில் வைத்துப் பார்ப்பான். ஒரு தடவை கேட்டான்.

"மச்சான், அவ எதாச்சும் சொன்னாளா?"

"என்ன சொல்லணும்?"

"ஒண்ணுமில்ல. சும்மா, 'இந்த மாடுகிட்ட குடு'ன்னு... அப்படி எதாச்சும்."

நான் பொய் சொல்லியிருக்கலாம். எனக்குப் பொய் வராது.

எனக்கு ஒரு யோசனை வந்தது. இந்தப் பள்ளத்தாக்கில் பங்காளிச் சண்டை, வேலிச் சண்டை எத்தனையோ நான் தீர்த்து வைத்திருக்கிறேன். பவ்லா அந்த நாளுக்குப் பிறகு லார்ச் மரத்தைத் தாண்டியதே இல்லை. தாண்டினால்? மேலே போய்விட்டால் 'நீ' என்றுதானே சொல்லியாக வேண்டும். ஒரு தடவை வாய் பழகிவிட்டால் கீழேயும் தொடரும். லோவ்ரோவிடம் சொன்னேன். அவன் முகம் சின்னப் பிள்ளை முகம் போல ஆனது.

"வருவாளா மச்சான்?"

"நான் கூட்டிட்டு வரேன். டீனே சொன்னா நடக்கும்."

யூரெவின் பெயரில் குகை வாயில் ஒரு பலகை பதித்துப் பூசை வைப்பது என்று ஏற்பாடு செய்தேன். அலோய்ஸ் சாமியாரைச் சம்மதிக்க வைத்தேன், பருத்த உடம்புக்காரர், ஏரிக்கரையில் நடப்பதற்கே மூச்சு வாங்குவார். பிள்ளை பெயரைச் சொன்னதும் பவ்லா மறுக்கவில்லை. அந்தத் தொப்பியைக் கைப்பையில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

காடு முழுக்க, "சாமி, நீங்க கொஞ்சம் உக்காருங்க", "சாமி, உங்க பையக் குடுங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். லார்ச் மரம் வந்தது. தாண்டினாள். பத்தடி போயிருப்பாள், திரும்பிச் சாமியாரைப் பார்த்துச் சொன்னாள்.

"பாத்து வா சாமி, கல்லு வழுக்கும். நீ அந்தப் பக்கமா கால வையி."

சாமியார் கன்னம் குலுங்கச் சிரித்தார். "ரெண்டு மாசமா பாவசங்கீர்த்தனத்துக்கு வரல, இப்ப என்னையே வா போங்கறே!"

"மேல வந்தா உன் கடவுளுக்கே அப்படித்தான், சாமி."

எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது. பழைய பவ்லா! நான் கணக்குப் போட்டால் தப்பாது என்று அப்போதே சாமியாரிடம் சொன்னேன்.

லோவ்ரோ முகம் மழித்து, வெள்ளைச் சட்டை போட்டுக் குடில் வாசலில் நின்றான். கையில் தேநீர்க் குவளை, ஆவி பறந்தது. பவ்லா நேராகப் போய்க் குவளையை வாங்கிக்கொண்டாள்.

"நல்லா இருக்கியா நீ?" என்றாள்.

லோவ்ரோ ஒரு எட்டு முன்னால் வந்தான். கண்ணிலிருந்து கொட்டியது. "பவ்லா... சொல்லிட்டே நீ. சொல்லிட்டே!" என்று அவள் கையைப் பிடிக்கப் போனான்.

அவள் கையை இழுக்கவில்லை. ஆனால் குரலில் ஒன்றும் இல்லை. "மரத்தத் தாண்டியாச்சு. சாமிக்கும் நீ, அங்க உக்காந்திருக்கற அந்த டச்சுக்காரனுக்கும் நீ, உனக்கும் நீ. வழக்கம்தானே" என்றாள்.

தேநீரைக் குடித்து முடித்துக் குவளையை அவனிடமே திருப்பிக் கொடுத்தாள்.

பூசை நடந்தது. காற்றில் மெழுகுவத்தி நிற்கவில்லை. பவ்லா குகை வாயில் குனிந்து நெடுநேரம் பார்த்தாள். தொப்பியைப் போடத்தான் கொண்டுவந்தாள் என்று நினைத்தோம். போடவில்லை, திரும்பப் பைக்குள் வைத்துக்கொண்டாள். மேலே இருந்த நேரமெல்லாம் 'நீ' என்றுதான் லோவ்ரோவிடம் பேசினாள், கூழ் ஊற்றும்போதும், பாத்திரம் கழுவும்போதும். ஒவ்வொரு 'நீ'க்கும் அவன் முகம் இன்னும் கொஞ்சம் வாடியது. சாமியாரிடம் சொல்வதற்கும் அவனிடம் சொல்வதற்கும் வித்தியாசம் இல்லை என்று அவனுக்குக் கேட்டது. எனக்கும் கேட்டது.

இறங்கும்போது அவனும் கூட வந்தான். லார்ச் மரத்தடியில் அவள் முன்னால் தாண்டிப் போய்த் திரும்பி நின்றாள்.

"நீங்க வீட்டுக்கு வர்றீங்களா, இல்ல நீங்க அங்கயே இருக்கீங்களா?"

லோவ்ரோ சிரிக்க முயன்றான். "ரெண்டு 'நீங்க'. விறகு பொளக்கணும்."

"மரத்துக்கு இந்தப் பக்கம் வந்துட்டேனே" என்றாள் அவள்.

அவன் மரத்துக்கு அந்தப் பக்கமே நின்றான். ஒரு கையை அடிமரத்தில் வைத்துக்கொண்டு நாங்கள் காட்டுக்குள் மறையும் வரை நின்றான். அதன் பிறகு அவன் வீட்டுக்கு இறங்கவே இல்லை. குளிர்காலத்தில் குடிலைப் பூட்டிவிட்டு எல்லோரும் கீழே இறங்கிவிடுவார்கள், அவன் பனியோடு அங்கேயே இருந்துவிட்டான். நான் போய்க் கத்தினேன்.

"பைத்தியமாடா உனக்கு? இங்க யாரு இருக்கா?"

"இங்க வந்தா அவ நீன்னுதான் சொல்லுவா மச்சான். வெறும் நீயா இருந்தா என்ன? அங்க அதுவும் இல்ல."

"அவ வர மாட்டாடா."

"தெரியும்" என்றான்.

காலுறை மட்டும் ஒவ்வொரு வசந்தத்திலும் போனது. பிறகு என் முழங்கால் மறுத்தது, சாமான் இழுவைக் கம்பியில் தொங்கியபடி மேலே ஏறத் தொடங்கியது, ஆளனுப்ப அவசியம் குறைந்தது. காலுறையை நானே போய்க் கொடுக்க வேண்டும் என்று வைத்திருந்தேன். இரண்டு வசந்தமாக அது என் அலமாரியிலேயே இருந்தது. அவனும் கேட்டு அனுப்பவில்லை.

போன மார்ச்சில் குடில் புகைபோக்கியில் புகை வரவில்லை என்று பனிச்சறுக்குக்காரர்கள் சொன்னார்கள். மீட்புக்காரர்களோடு நானும் போனேன். வேண்டாம் என்றார்கள். இந்த வயதிலும் என்னைத் தடுக்க அவர்களுக்குத் தெம்பு போதாது. லோவ்ரோ குகைப் பக்கத்துச் சன்னலோரம், நாற்காலியில் உட்கார்ந்தபடியே போயிருந்தான்.

சறுக்குப் படுக்கையில் கட்டி இறக்கினோம். பின்கயிறு என் கையில். லார்ச் மரத்துக்குச் சற்று மேலே ஒரு சமதளம் உண்டு, சுமைக்காரர்கள் காலங்காலமாக இளைப்பாறும் இடம். அங்கே இறக்கப் போனார்கள். மரத்துக்குக் கீழே பனியில் பவ்லா நின்றுகொண்டிருந்தாள். எப்போது ஏறி வந்தாளோ.

"அங்க எறக்காதீங்க" என்றாள்.

"இங்கதான் அத்தே சமமா இருக்கு. கீழ சரிவு" என்றான் முன்னால் இழுத்தவன்.

"தெரியும். இங்க கொண்டாங்க. மரத்துக்கு இந்தப் பக்கம் கொண்டாங்க."

நான் தலையசைத்தேன். மரத்தைத் தாண்டிக் கொண்டுவந்து, சரிவில் நாலு பேர் முட்டுக் கொடுத்துப் பிடித்துக்கொண்டார்கள். பவ்லா அருகில் வந்தாள். முகத்தைத் திறக்கவில்லை. கால் பக்கம் குனிந்து, தார்ப்பாயை விலக்கி, மேலே படிந்த பனியைத் தட்டினாள். அவள் பின்னிய சாம்பல் நிறக் காலுறைதான் போட்டிருந்தான். குதிகால் தேய்ந்து, கிழிந்து, தோல் தெரிந்தது. அந்த ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தாள்.

"பிஞ்சு போயிருக்கு" என்றாள். "இதப் போட்டுக்கிட்டா இந்தக் குளிர்ல இருந்தே நீ? ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருக்கக் கூடாதா நீ? வாயில என்ன வச்சிருந்தே?"

அவள் தன் கம்பளியை உருவி அந்தக் காலைச் சுற்றிக் கட்டினாள். முடிச்சு விழவில்லை, விரல் விறைத்திருந்தது. நான் உதவப் போனேன், கையைத் தட்டிவிட்டாள்.

"மாடு" என்றாள் அவனிடம். "மாடு கூடக் குளிருன்னா கத்தும். நீ கத்த மாட்டியா?"

பிறகு தூக்கச் சொன்னாள். ஏரிக்கரை வரைக்கும் பக்கத்திலேயே நடந்தாள், ஒரு கை அந்தக் காலின் மேல். வீட்டு வாசல் வந்து சேரும் வரை அவனைத் திட்டுவதை நிறுத்தவே இல்லை.